ஜெபகனி டீச்சர் எழுதிய நோட்டீஸ்

தூத்துக்குடிக்காரர்களுக்குத் தூத்துக்குடியைச் சுற்றிக் காட்டியே தீருவது என்று ஜெபகனி டீச்சர் கிளம்பியபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. அந்த வயதில் மற்றவர்கள் பிரஷர் மாத்திரையை எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டிருப்பார்கள். டீச்சர் ஒரு குடையையும், பி.டி. சாரிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்காத ஒரு விசிலையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

இத்தனைக்கும் இது அவர் பிறந்த ஊர் இல்லை. பிறந்தது, படித்தது, பாட்டுப்போட்டியில் பரிசு வாங்கியது எல்லாம் நாசரேத்தில். இருபத்தைந்தாம் வயதில் நேசக்குமாருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தார். கல்யாணமான மூன்றாம் நாள் மாப்பிள்ளையிடம், "இந்த ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டார். கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்த நேசக்குமார், கேள்வியைக் கையில் வாங்கி நன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் புரோட்டா நல்லாருக்கும்" என்றார். இந்த மனிதரை நம்பிப் பயனில்லை, ஊரை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டீச்சருக்கு அன்றைக்கே தெரிந்துபோனது.

பார்த்தார். பழைய துறைமுகத்தில் தோணிக்குப் பலகை அடிக்கும் ஆசாரிகளிடம் போய் நின்று, எந்த மரம், ஏன் அந்த மரம், ஆணிக்கு என்ன பூசுவீர்கள் என்று நச்சரித்தார். டச்சுக்காரர்களின் கல்லறைக் கல்லில் எழுத்துகளைத் தடவித் தடவி நோட்டில் எழுதினார். உப்பளத்து வரப்பில் குடையோடு நடந்தார். நேசக்குமாரின் ஆபீஸுக்கு அவ்வப்போது போன் வரும். "சார், உங்க வீட்டம்மா இங்கன தோணிப் பக்கம் நிக்காங்க. வீட்டுல ஏதும் சண்டையா?" நேசக்குமார் சலிக்காமல், "சண்டை இல்ல அண்ணாச்சி, அவுகளுக்கு அது ஒரு வியாதி" என்று சொல்லி வைப்பார்.

அந்த வியாதியைப் பள்ளிக்கூடத்துக்கும் பரப்ப டீச்சர் முப்பத்து நான்கு வருஷம் பாடுபட்டார். சமூக அறிவியல் டீச்சர். ஒவ்வொரு டிசம்பரிலும் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, இந்த வருஷமாவது பிள்ளைகளுக்கு உள்ளூரைக் காட்டுவோம் என்பார். ஒவ்வொரு டிசம்பரிலும் கொடைக்கானல் ஜெயிக்கும், அல்லது தண்ணீரில் சறுக்கி விழுகிற ஏதாவதொரு பூங்கா ஜெயிக்கும். ஒரு தலைமையாசிரியை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: "டீச்சர், கயத்தாறுகூடத் தாண்டாத டூருக்கு எந்தப் பிள்ள பேர் கொடுக்கும்? பஸ்ல நாலு பேராவது வாந்தி எடுத்தாத்தான் அது டூரு." டீச்சர் ஓய்வு பெற்ற அன்று சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அவருக்கு அது மட்டும் போதவில்லை.

ஆகவே 'நம்ம ஊர் பார்ப்போம்' என்று ஒரு வாட்ஸாப் குழு ஆரம்பித்தார். நூற்று நாற்பத்தாறு பேர் சேர்ந்தார்கள். தினமும் விடிந்ததும் நூற்று நாற்பத்தாறு பேரில் பாதிப்பேர் ரோஜாப்பூ அனுப்பினார்கள். டீச்சர் உப்பளம் பார்க்கப் போகிறோம் என்று போட்டால் எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். நாள் வந்தபோது உயர்ந்த விரல்களில் ஒன்றுகூட நேரில் வரவில்லை. வந்தது இரண்டு பேர். ஒருவர் நேசக்குமார், அவருக்கு வேறு வழியில்லை. இன்னொருவர் இலவசச் சர்க்கரைப் பரிசோதனை என்று யாரோ சொன்னதைக் கேட்டு வெறும் வயிற்றோடு வந்து, டீச்சரைப் பார்த்ததும் விரலை நீட்டினார்.

இதையெல்லாம் பார்த்து மகிழ்வதற்கென்றே ஒருவர் இருந்தார். டேவிட்சன், நேசக்குமாரின் தம்பி. சொந்தமாக டிராவல்ஸ் வைத்திருக்கிறார். ஊட்டி, மைசூர், வேளாங்கண்ணி என்று எங்கே போனாலும் ஆட்கள் அவருடைய பஸ்ஸில் முண்டியடித்து ஏறுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், கறியைவிட மைனியைக் கிண்டல் செய்வதில்தான் அவருக்கு ருசி அதிகம்.

"மைனி, எங்க ஊர்க்காரன் தூத்துக்குடிய விட்டுப் போறதுக்குத்தான் வண்டி ஏறுவான். தூத்துக்குடிய பார்க்கதுக்கு எவனும் ஏறமாட்டான். எழுதித் தாரேன்."

"இருபது பேரக் கூட்டிட்டு வந்தா என்ன செய்வ?"

"மாசத்துக்கு ஒரு நாள் என் வேன் உங்களுக்கு. டிரைவர் லிங்கராஜும் சேத்து. வரலைன்னா இந்த ஊர் சுத்துத கதையோட விட்டுரணும். என் மைசூர் பஸ்ஸுக்கு கைடா வரணும். தொப்பி நான் வாங்கித் தாரேன்."

அந்தத் தொப்பியை டீச்சர் பார்த்திருக்கிறார். மஞ்சள் நிறம், முன்னால் ஒரு யானை. முப்பத்து நான்கு வருஷம் பாடம் நடத்திய தலைக்கு அது வேண்டாம் என்று நினைத்தார். ஆனாலும் வீம்பு விடவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டார்.

இருபது என்ற எண்ணை அவர் சும்மா சொல்லவில்லை. கடற்கரையோரம் ஒரு சின்ன முத்துச்சிப்பி ஆய்வு நிலையம் இருக்கிறது. ஊரைப் பற்றி யார் பேசினாலும் முத்து நகரம், முத்து நகரம் என்று வாய் ஓயாது. ரயிலுக்குப் பெயர் முத்து, நகைக்கடைக்குப் பெயர் முத்து. ஆனால் சிப்பிக்குள் முத்து எப்படி வருகிறது என்று கேட்டால் பாதிப்பேர் மழைத்துளி என்பார்கள், மீதிப்பேர் கூகுள் என்பார்கள். அதை நேரில் காட்ட டீச்சருக்குக் கொள்ளை ஆசை. அங்கே வேலை பார்க்கும் புதுக்கோட்டைப் பெண் பானுப்ரியா நல்ல மாதிரி. இரண்டு முறை அனுமதி வாங்கிக் கொடுத்தாள். முதல்முறை டீச்சர் மூன்று பேரோடு போனார், இரண்டாம் முறை ஐந்து பேரோடு.

"டீச்சர், மாசத்துல முதல் சனிக்கிழமதான் விசிட்டர்ஸ் டே. கொறஞ்சது இருபது பேர் வேணும்னு ரூல்ஸ்" என்றாள் பானுப்ரியா. "இந்தத் தடவயும் கொறஞ்சா எங்க சார்கிட்ட இனி நான் வாயத் தொறக்க முடியாது."

ஆக, இருபது பேர் வந்தால் வேன், வராவிட்டால் யானைத் தொப்பி. டீச்சர் வாட்ஸாப்பை மூடிவிட்டு, அட்டை வாங்கிவந்து நோட்டீஸ் எழுத உட்கார்ந்தார். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, எழுத்தெல்லாம் அச்சுப்போல விழுந்தது.

'நமது ஊரில் ஒரு புதுமை! முத்து உருவாகும் இடத்தை நேரில் கண்டு பயன்பெறுவீர். முதல் சனிக்கிழமை காலை 8 மணி. வேன் வசதி உண்டு. தலைமை: ஜெபகனி டீச்சர்.'

தன் சபைக்காரர்களை எல்லாம் ஏற்கெனவே அழைத்துத் தோற்றிருந்ததால், இந்தத் தடவை கடற்கரைப் பக்கம் போனார். மீனவர் தெருக்களுக்குள், பெண்கள் எப்படியும் வந்துபோகிற இடம் என்று சுடலைச்செல்வியின் தையல் கடையைத் தேர்ந்தெடுத்து, கதவில் ஒட்டிவிட்டு வந்தார்.

இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். டீச்சருடைய புராட்டஸ்டன்ட் சபையில் இயேசு குருடனைப் பார்க்கவைத்தால் அது அற்புதம். புதுமை என்றால் புதுசாக ஒரு விஷயம், அவ்வளவுதான். கடற்கரைக் கத்தோலிக்கத் தெருக்களில் அப்படி இல்லை. அங்கே மாதா கண் திறந்தால் அது புதுமை, தீராத நோய் தீர்ந்தால் புதுமை, கடலில் தொலைந்த வள்ளம் திரும்பி வந்தால் புதுமை. அதிலும் முதல் சனிக்கிழமை மாதாவுக்குரிய நாள். அதற்கும் மேலே, கூட்டிக்கொண்டு போகிறவர் பெயரிலேயே ஜெபம் இருக்கிறது. நோட்டீஸை இதற்கு மேல் யாரும் தெளிவாக எழுதியிருக்க முடியாது.

சனிக்கிழமை காலை டீச்சர் ஏழரைக்கே போய்விட்டார். தையல் கடை முன்னால் கூட்டம் நின்றது. யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து நடையை மெதுவாக்கினார். அப்புறம்தான் அத்தனை பேரும் தன்னைப் பார்த்துக் கைகூப்புவது தெரிந்தது. இருபத்து மூன்று பெண்கள். நல்ல சேலை, தலையில் பூ, கையில் ஆளுக்கொரு பை. முப்பத்து நான்கு டிசம்பர்களும் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன.

பந்தயத்துக்காக அன்று அனுப்பிய தன் வேனின் முன்சீட்டில் டேவிட்சன் இருந்தார், எண்ணிப் பார்க்க. ஒருமுறை எண்ணினார், பிறகு விரலை மடக்கி இன்னொருமுறை எண்ணினார்.

"மைனி, இவ்வளவு பேரும் சிப்பி பார்க்கவா வாராக?"

"உனக்கென்ன சந்தேகம்? வண்டிய எடுக்கச் சொல்லு."

டீச்சருக்குப் பக்கத்தில் அந்தோணியம்மாள் உட்கார்ந்தார். டீச்சரைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், கனத்த உடம்பு, முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஏறினார். வேன் கிளம்பியதும் மெல்லிய குரலில் பேச்சை ஆரம்பித்தார்.

"டீச்சர், புதுமை எப்ப இருந்து நடக்கு?"

"அது எப்பவும் நடக்கதுதான் அக்கா. நம்மதான் போய்ப் பார்க்க மாட்டேங்கோம்."

"எங்கன வச்சு?"

"தண்ணிக்குள்ள."

அந்தோணியம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பின்சீட்டுக்காரியும் பார்த்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க பார்த்திருக்கியளா?"

"ரெண்டு தடவ பார்த்தேன். ஒண்ணுமில்லாத ஒரு சின்ன உருண்டை, கொஞ்சம் கொஞ்சமா ஒளி வருது பாருங்க, உடம்பு சிலிர்த்துரும்."

"நிறைய சனம் வருதோ?"

"எங்க? மூணு பேரு, அஞ்சு பேரு. இந்த ஊருக்கு அருமை தெரியல."

"பாவியளு" என்று மனம் வருந்திச் சொன்ன அந்தோணியம்மாள் பையைத் திறந்தார். உள்ளே ஒரு கட்டு மெழுகுதிரி, ஒரு சீசா தேங்காயெண்ணெய், காணிக்கைக்கு ஒரு பொட்டலத்தில் உப்பும் மிளகும் இருந்தன. டீச்சர் திரும்பிப் பார்த்தார். எல்லாப் பைகளிலும் மெழுகுதிரி முனை தெரிந்தது. ஒருத்தி மடியில் மரத்தில் செய்த ஒரு குட்டித் தொட்டில் இருந்தது. பிள்ளை வரம் கேட்பவர்கள் கொண்டுபோவது. டீச்சர் தான் எழுதிய நோட்டீஸை மனசுக்குள் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். நான்காவது சொல்லான 'புதுமை'யில் நின்றுவிட்டார்.

முன்சீட்டில் டேவிட்சனும் அந்த மெழுகுதிரிகளைப் பார்த்துவிட்டார். டிராவல்ஸ்காரர் அல்லவா, வேளாங்கண்ணிக்கு எத்தனை பஸ் விட்டிருக்கிறார். அவர் முகத்தில் சிரிப்பு காதுவரை போனது. "மைனி" என்று ஆரம்பித்தார்.

"வாயத் தொறந்த, ஞாயித்துக்கிழம சோறு கிடையாது" என்றார் டீச்சர் பல்லைக் கடித்தபடி.

முப்பத்து நான்கு வருஷம் மாணவிகளிடம் 'உண்மை பேசு' என்று இரட்டைக் கோட்டுக்குள் எழுதச் சொன்னவர். இப்போது சொன்னால் லிங்கராஜ் வண்டியைத் திருப்புவான். வேன் போகும், பானுப்ரியா போவாள், யானை வரும். பொய் சொல்லப் போவதில்லை, உண்மையைக் கொஞ்சம் தள்ளிச் சொல்லப் போகிறோம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கேட் வந்ததும் சொல்லிவிடலாம். கேட் வந்தது. இருபத்து மூன்று பேரைக் கண்ட பானுப்ரியா, "டீச்சர், சாதிச்சிட்டீங்க" என்று கையைப் பிடித்தாள். சரி, உள்ளே போய்ச் சொல்லலாம்.

உள்ளே போனபின் சொல்ல இடமே கிடைக்கவில்லை. பானுப்ரியா முதலில் மைக்ராஸ்கோப்பில் சிப்பிக் குஞ்சுகளைக் காட்டினாள். தூசி என்று நினைத்தது நீந்துவதைப் பார்த்து வரிசை நகர மறுத்தது. ஒருத்தி இரண்டாம் முறையும் வரிசையில் நின்றாள். பிறகு பானுப்ரியா தொட்டியிலிருந்து ஒரு சிப்பியை எடுத்தாள்.

"முத்து வைக்கணும்னா சிப்பி வாயத் தொறக்கணும். வம்படியா தொறந்தா செத்துப்போகும். அதனால கொஞ்சம் மெந்தால் போட்டு மயக்குவோம்."

"மெந்தாலுன்னா?" என்றார் அந்தோணியம்மாள்.

"தைலத்துல இருக்குமே, குளுகுளுன்னு, அதான் பாட்டி."

"என்னது, முட்டுவலித் தைலமா? நான் பதினஞ்சு வருசமா தேய்க்கேன். ஒரு முத்தும் வரல."

சிரிப்பு அடங்க நேரமானது. பானுப்ரியாவும் சிரித்துக்கொண்டே, சிப்பி ஓட்டில் செய்த ஒரு சின்ன மணியையும், வேறொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் சிப்பிக்குள் வைப்பதைக் காட்டினாள். உறுத்துகிறதை வெளியே தள்ள முடியாமல், சிப்பி அதைச் சுற்றித் தன் பளபளப்பை அடுக்கு அடுக்காகப் பூசும் என்றாள். கடைசியில், மாதக்கணக்கில் கடலில் கிடந்த ஒன்றைப் பிளந்தாள். பட்டாணியைவிடச் சின்னதாக ஒரு முத்து, ஈரத்தோடு. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய், இருபத்து மூன்று கைகளையும் சுற்றி வந்தது.

முத்து திரும்பி வந்ததும் அந்தோணியம்மாள் மெழுகுதிரிக் கட்டைப் பிரித்தார். "பாப்பா, இத எங்கன ஏத்தணும்?"

பானுப்ரியா விழித்தாள். டேவிட்சன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. இனித் தள்ளிப்போட இடமில்லை. டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"எல்லாரும் என்ன மன்னிக்கணும். நான் எழுதுன புதுமை வேற, நீங்க படிச்ச புதுமை வேற. புதுசா ஒண்ணு பார்க்கலாம்னுதான் எழுதுனேன். இங்கன மாதா காட்சி ஒண்ணும் கிடையாது. வேன்ல வரும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொன்னா திரும்பிருவீங்கன்னு சொல்லாம இருந்துட்டேன். அது தப்பு."

டேவிட்சன் உடனே திரும்பினார். "அப்போ பந்தயம் செல்லாது மைனி. இவுக சிப்பி பார்க்க வரல, கும்பிட வந்திருக்காக. தொப்பி ரெடி."

டீச்சருக்கு அவமானமாக இருந்தது. பந்தயம் போனதைவிட, பூ வைத்து நல்ல சேலை கட்டி, முழங்கால் வலியோடு வந்தவர்களை ஏமாற்றிவிட்டோமே என்பதுதான் அதிகம் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"அது தெரியும் டீச்சர்" என்றார் அந்தோணியம்மாள்.

டீச்சர் நிமிர்ந்தார்.

"கேட்டுல இம்மாம்பெருசா ஆய்வு நிலையம்னு போர்டு வச்சிருக்கான். எங்களுக்கு வாசிக்கத் தெரியாதா? நானும் எட்டாங்கிளாஸ். நாங்க அங்கனயே ஒருத்திக்கொருத்தி முகத்தப் பார்த்துக்கிட்டோம்."

"பொறவு ஏன் திரும்பிப் போகல?"

"போனா வீட்டுல மீன் கழுவணும்."

இருபத்து மூன்று பேரும் சிரித்தார்கள். தொட்டில் கொண்டுவந்தவள்கூடச் சிரித்தாள். டீச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அப்போ எதுக்கு அக்கா மெழுகுதிரி ஏத்தக் கேட்டீங்க?"

"முழுசாத் திருப்பிக் கொண்டுபோனா எங்க வீட்டுக்காரரு கேப்பாருல்லா. எங்க போய்ட்டு வாரன்னு. பாதியாவது எரிஞ்சிருக்கணும்." அந்தோணியம்மாள் இப்போது டேவிட்சன் பக்கம் திரும்பினார். "ஏ தம்பி, கும்பிட வந்தோம்னு நீரு எப்படிச் சொல்லுதீரு? வேன்ல ஏறுனது கும்பிட. கேட்டுக்குள்ள வந்தது பார்க்க. கணக்கு சரியாத்தான் இருக்கு. வேனக் கொடுத்துரும்."

டேவிட்சன் எத்தனையோ கூட்டங்களைப் பஸ்ஸில் சமாளித்தவர். மெழுகுதிரியைக் கையில் பிடித்திருக்கும் இருபத்து மூன்று பெண்களிடம் பேசக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாட்ச்மேனைக் கெஞ்சி, வெளியே மதிலோரம் மணலில் திரிகளைக் குத்தி ஏற்றினார்கள். பாதி எரிந்ததும் ஊதி அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் டீச்சர் தன் பழைய கணக்கைத் திரும்பப் பார்த்தார். முப்பத்தாறு வருஷமாக இந்த ஊர்க்காரர்களுக்கு ஆர்வமே கிடையாது என்று திட்டித் தீர்த்திருக்கிறார். சபையில் திட்டினார், ஆசிரியர் கூட்டத்தில் திட்டினார், வாட்ஸாப்பில் நாகரிகமாகத் திட்டினார். இவர்களுக்கு ஆர்வம் இருந்திருக்கிறது. வீட்டு வாசலைத் தாண்டச் சொல்ல ஒரு காரணம்தான் இல்லாமல் இருந்திருக்கிறது. ஊர் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு பெண் சனிக்கிழமை காலையில் செருப்பை மாட்ட முடியாது என்பது, குடையோடு தன் இஷ்டத்துக்குச் சுற்றிய தனக்கு இத்தனை வருஷம் தெரியவில்லையே என்று வருத்தமாக இருந்தது. புரோட்டா நன்றாக இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு, போகாதே என்று ஒருநாளும் சொல்லாத நேசக்குமாரை முதல்முறையாக நன்றியோடு நினைத்தார்.

"அடுத்த மாசம் எங்க டீச்சர்?" என்றார் அந்தோணியம்மாள்.

"உப்பளம் பார்க்கலாம்னு நினைக்கேன். நீங்க வரணும் அக்கா. இந்தத் தடவ நோட்டீஸ ஒழுங்கா எழுதுதேன். உப்பள உற்பத்தி முறைன்னு."

"அத எழுதிக் கெடுத்துப்புடாதிய. எவ வீட்டுல விடுவாங்க?" அந்தோணியம்மாள் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். "அங்கன என்னதான் நடக்கும்? உள்ளதச் சொல்லுங்க."

டீச்சர் யோசித்தார். பொய் கலக்காமல், பாடப்புத்தகத்தில் இருப்பதையே சொன்னார்.

"கடல் தண்ணி வெயில்ல நின்னு, நம்ம கண்ணு முன்னால கல்லா மாறும்."

"இப்படியே எழுதுங்க" என்றார் அந்தோணியம்மாள். "எங்க வீட்டுக்காரரே கொண்டுவந்து வேன்ல ஏத்திவிடுவாரு."